கை எட்டும் தூரம்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்ததுமே கிட்டத்துப் பார்வை மட்டும் கூர்மையாகும்படி தெய்வானையின் கண்ணுக்கு லேசர் வைத்துவிட்டார்கள். கை எட்டும் தூரத்தில் விட்டுப்போன தையல் ஒன்றுகூடத் தப்பாது. அதற்கு அப்பால் எல்லாம் வெறும் புகைதான். பிள்ளை பயந்துகொள்வாள் என்று மகள் நிறைமதியிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை.

சாயங்காலம் பள்ளி வேன் நிறைமதியை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போனது.

"வரட்டுமாம்மா?" என்று நிறைமதி அங்கிருந்தே கேட்டாள்.

தெய்வானை வழக்கம்போலக் காதைத் தீட்டிக்கொண்டாள். எந்தச் சத்தமும் இல்லை.

"வா கண்ணு."

பேட்டரி லாரிக்கு ஏது சத்தம்? ஜனங்கள் அலறியபோதுதான் அவளுக்கு விளங்கியது.

யாரோ பிள்ளையைத் தூக்கிவந்து அவள் மடியில் கிடத்தினார்கள். காலரில் விட்டுப்போயிருந்த ஒற்றைத் தையலும், மூடாத கண்களும் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தன.