இரண்டாவது மெழுகுவத்தி

ஆப்பிரிக்காவுக்குப் பட்டாளம் அனுப்புவதா வேண்டாமா என்று பிரெஞ்சு மந்திரிகள் கூடிப் பேசுவதாக மரக்காணம் டீக்கடை ரேடியோ சொன்னதும், இன்னாசியம்மாள் உப்பளத்திலிருந்து நேரே மாதா கோயிலுக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய மூத்த மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். அது கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் சவரிநாதனுக்கும் தெரியும்.

"பட்டாளத்த அனுப்பக் கூடாதுன்னு மாதாவ வேண்டிக்கங்க உபதேசியாரே."

அவள் கொடுத்த மெழுகுவத்தியை அவர் ஏற்றி வைத்தார்.

உடனே இன்னொன்றை நீட்டினாள். "இது, அனுப்பணும்னு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, மாதாகிட்ட விளையாடுறியா? பெத்த புள்ளய சாவக் குடுக்கவா கேக்குற?"

"சின்னவன் அங்கதாங்க சுரங்கத்துல வேலை பாக்குறான். கலகக்காரங்க ஊர வளைச்சுக்கிட்டாங்களாம். பட்டாளம் போனாதான் உசுரோட வருவான்."

சவரிநாதன் அதையும் வாங்கி ஏற்றினார்.

அவள் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதாவுக்கு ஒரே புள்ளதானே உபதேசியாரே. இது அவங்களுக்குப் புரியுங்களா?"