ஜன்னலோரம் இரண்டு கம்பனி

"இன்னைக்காவது வாயைத் தொறந்து சொல்லிடுங்க. எனக்கே வெட்கமா இருக்கு," என்றாள் டிலுக்ஷி.

றிச்சர்ட் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பொகவந்தலாவையில் அவன் அம்மா வீட்டில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு ஜன்னலோரம்தான். கொழும்பில் போட்டிக் கம்பனிகளில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும், அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டியதாகிவிட்டது.

"அப்படி என்னதான் மீட்டிங்கு?" தேத்தண்ணீரோடு வந்த அம்மா இராசம்மா கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல மெமரி சிப் இருக்குல்ல மாமி, அது எப்படி இருக்கணும்னு எல்லா நாட்டுக் கம்பனியும் சேந்து ஒரே முறையா முடிவு பண்ணுவாங்க. அப்பத்தான் யாரு செஞ்சாலும் எதுலயும் பொருந்தும். இன்னைக்கு ரெண்டு டிசைன் வோட்டுக்கு வருது. இவங்களோடது ஒண்ணு, எங்களோடது ஒண்ணு."

"வீட்டுக்குள்ளயே எலெக்சனா? நல்லா இருக்கே."

"வோட்டுக்கு முன்னாடி, டிசைன்ல தங்களுக்குக் காப்புரிமை இருந்தா கம்பனி சொல்லிடணும். மறைச்சு ஜெயிச்சுட்டா, நாளைக்கு உலகமே அதைப் பாவிக்கிறப்ப எல்லார்கிட்டயும் கப்பம் கேக்கலாம். உங்க மகன் மறைக்கப் போறாரு. நேத்து பஸ்ல வாய்தவறி உளறிட்டாரு."

"மேனேஜர் சொல்லக் கூடாதுன்னுட்டாரும்மா. சொன்னா வேலை போயிரும்," என்றான் றிச்சர்ட், அம்மாவைப் பார்க்காமல்.

"அப்ப நாளைக்கு அந்தோனியார் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பீங்க?"

அவன் காதுமடல் சிவந்தது. இராசம்மா கொண்டுவந்த தேத்தண்ணீரை அவன் முன்னால் வைக்காமலே உள்ளே போனாள். அது அவனை இன்னும் சுட்டது.

மீட்டிங் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுவதுபோலத் தலைவர் ஒவ்வொரு கம்பனியாகக் கூப்பிட்டார். முதலில் றிச்சர்டின் டிசைன். காப்புரிமை ஏதும் உண்டா என்று கேட்டார்.

எதிரே டிலுக்ஷி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்டு," என்றான். "முன்னமே சொல்லாதது எங்கள் தவறு."

டிசைன் தோற்றது. உடனே மேனேஜரின் அழைப்பு வந்தது. அவன் எடுக்கவில்லை. வேலை நிலைக்காது என்று தெரிந்தும் நெஞ்சு லேசாகியிருந்தது.

அடுத்து டிலுக்ஷியின் டிசைன். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"எதுவும் இல்லை," என்றாள் அவள். டிசைன் வென்றது.

றிச்சர்ட் சிரித்துக்கொண்டே மேசைக்கு மேலாகக் கையை நீட்டினான். "ஜெயிச்சுட்ட. ஆனா ஒண்ணு டிலு, நீ திட்டாட்டி நான் இன்னைக்கு மனுசனாவே இருந்திருக்க மாட்டேன்."

அவள் அந்தக் கையைத் தொடவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க டிசைன்லயும் காப்புரிமை இருக்குங்க," என்றாள். "எனக்குத்தான் வாய் வரல."