ஏழு தரம் கழுவிய கை

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருக்கிறது. முன் அறையில், ஒரு பையனும் கெட்டிக்கார நாயும் நடிக்கும் படம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி அஸ்கி இப்போது கிணற்றடியில் வலது கையை நீட்டியபடி நிற்கிறான். கேற்றுக்கு வெளியே படுத்திருக்கும் தெருநாய்க்கு பிஸ்கட் கொடுக்கப் போன இடத்தில், அது அவனுடைய உள்ளங்கையை நக்கிவிட்டது. வேலை முடிந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் கல்முனைவரை நின்றுகொண்டே வந்த உம்மா கைப்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும் என்பது மார்க்கம்; முதல் தரம் மண் கரைத்த தண்ணீரால் அவன் கையைத் தேய்க்கிறா. பிறகு வெறும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுகிறா. “படத்துல அந்தப் பொடியன்ட முகத்தையே நக்குதே உம்மா.” “அவன்ட உம்மா வேலைக்குப் போறல்லபோல. மூணு.” தண்ணீர் அவன் முழங்கையால் வழிந்து உம்மா உடுத்திருக்கும் அபாயாவின் ஓரத்தை நனைக்கிறது. “படத்துல போல இரு எண்டன், அதுவும் குந்தி இருந்திச்சு. அல்லாஹ்வுக்காக, உண்மையா. இனி அதுக்கிட்டப் போகவே கூடாதா?” உம்மா கண்களை மூடித் திறக்கிறா. எண்ணிக்கை தவறிவிட்டது, என்னைப் பார்க்கிறா. நான் ஆறு விரல்களைக் காட்டுகிறேன். கடைசித் தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சொல்கிறா: “பிஸ்கட்ட நிலத்துல வைங்க மகன். கையால குடுக்காதீங்க. ஒவ்வொரு நாளும் என்னால அள்ள ஏலா.” அஸ்கி கேற்றடிக்கு ஓடுகிறான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நாயைப் பார்த்து, எங்களுக்கும் கேட்கும்படியாக, “இரு,” என்கிறான்.