பூம்பூம் மாட்டின் கழுத்து

பூம்பூம் மாட்டுக்குத் தீராத கழுத்து வலி. உறுமி ஒலித்தால், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். அதுதான் அதன் வேலை.

"மணல் வண்டியில எனக்கு ஜோடி இல்லை. வர்றியாடா?" என்றது வண்டி மாடு. "பாரம் இருக்கு. ஆனா படுத்தா தூக்கம் வரும்."

"பட்டுத் துணி போடுவாங்களா?"

"மாட்டாங்க. ஈ உட்காரும், வாலால ஓட்டிக்கோ."

பூம்பூம் மாடு வாய்விட்டுச் சிரித்தது.

சேதி தெரிந்து மாட்டுக்காரர் பட்டுத் துணியோடு ஓடி வந்தார். "வண்டி இழுக்கப் போறியாமே? ஊரே சிரிக்கும்டா. பேசாம என்கூடவே இருந்துடு, சரிதானே?" என்று கேட்டு உறுமியை அடித்தார்.

பழக்கத்தில் தலை கீழே இறங்கியது. மாடு பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பாதியில் நிறுத்தியது. பிறகு, வலிக்க வலிக்க, இடமும் வலமுமாக ஆட்டியது.