பதிவேட்டில் ஓர் ஓ

மேசைக்குப் பின்னால் முதல்வர். அவருக்கு வலப்பக்கம் கல்லூரிச் செயலர். எதிரே, சோபாவின் நுனியில் தவசீலியின் அப்பா. அவரை ஒட்டி, மாவுக்கட்டுப் போட்ட இடக்கையை மடியில் வைத்தபடி தவசீலி.

கதவோரம், தனி நாற்காலியில், உடற்கல்வி ஆசிரியையான அவள்.



மேசை மேல் அவளுடைய பதிவேடு. ‘உடல்நலமும் நல்வாழ்வும், முதலாண்டு.’ அட்டையில் அவளே எழுதியது.

முதல்வர் அதைத் திறந்தார். தவசீலியின் பெயருக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். கீழே இன்னொன்று. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தது. அதை சோபா பக்கம் திருப்பினார்.

"பாருங்க, ‘ஓ’ன்னு போட்டிருக்கு. ஓய்வு. மேடம் உக்காரத்தான் சொல்லியிருக்காங்க. பொண்ணு தானா ஓடி விழுந்திருக்கு."

வெள்ளைத் தாள்களுக்கு அடியில் இன்னும் முப்பத்தேழு ஓ இருந்தன.

அது அவளுக்குத் தெரியும். முதல்வருக்கும் தெரியும்.

ஓய்வு என்றால் அவள் கோடுதான் போடுவாள். ஓட்டம் என்றால் ஓ. பதினோரு வருடமாக அப்படித்தான்.

விழுந்த நாள் காலை வரிசையிலிருந்து தவசீலி ஓரடி முன்னால் வந்து, நெஞ்சை அடைக்கிறது என்றாள். பேனா கோடு போடத்தான் போனது. அதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது.

"ஓடச் சொன்னாதான் ஒனக்கு நெஞ்சடைக்குமோட்டி? கேன்டீனுக்குப் போகையில அடைக்காதோ?"

வரிசை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

ஓ போட்டாள்.

நாலாவது சுற்றில் தவசீலி கையை ஊன்றி விழுந்தாள். மூச்சு சீராகும்வரை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இப்போது அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, உக்காருன்னு சொல்லியும் ஓடினியா? நான் டீச்சரைல்லா ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன். பல்கலைக்கழகத்துக்கு ஆள வச்சு மனு வேற எழுதிப் போட்டேனே."

குரல் இறங்கியது.

"சொன்ன பேச்சு கேக்காதவளுக்குப் படிப்பு என்னத்துக்கு. வீட்டுலயே கெட."

தவசீலி அவளைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தாள்.

"மேடம் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும் சார்."

குத்திக் காட்டியிருந்தால் ஆசிரியை தாங்கியிருப்பாள். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே தன்மேலேயே சந்தேகப்பட்டுச் சொன்னாள்.

செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விளக்கக் கடிதம் ஒண்ணு எழுதிருங்க மேடம். இன்னிக்கே பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் போகணும். உங்க அடுத்த வருஷ வேலை ஆர்டரும் என் மேசையிலதான் இருக்கு."

அவள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள்.

அனுப்புநர். பெறுநர். பொருள். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. ‘பதிவேட்டில் மேற்படி மாணவியின் பெயருக்கு நேரே உள்ள ஓ என்ற எழுத்தின் பொருள்’ என்பது வரை கை நிற்கவில்லை.

அடுத்த சொல்லைத் தொடங்கினாள். ஓ.

இதற்குப் பிறகு ய். இல்லையென்றால் ட்.

பேனா நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தவசீலியின் அப்பா கிளார்க்கிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீசி இன்னைக்கே கெடைக்குமா சார்?"

"மனு எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வராது. ஏட்டி, நீயே எழுது."

காகிதம் கிழிபடும் சத்தம். பேனா மூடி திறக்கும் சத்தம்.

அவள் ட் போட்டாள்.

பிறகு எதையும் சுருக்கவில்லை. யார் சொன்னது, என்ன சொல்லிச் சிரிக்க வைத்தது, எல்லாம். கையெழுத்திட்டு, மூன்றாக மடித்து, உறையில் போட்டுப் பசை தடவி அழுத்தினாள்.

அட்டெண்டர் வந்து நின்றார். "மேடம், பிரின்சிபால் சார் ஒருதடவை பாத்துட்டு அனுப்பலாம்னாங்க."

"ஒட்டியாச்சுண்ணே."

தடுப்பைத் தாண்டும்போது, தவசீலியின் விரல்களிலிருந்து பேனாவை வாங்கி மூடி மேசையில் வைத்தாள்.

மணி மூன்று ஐம்பது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் தபால் நிலையம். நாலு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவள் ஓடினாள்.