தந்தியில் வந்த பணம்

“மொதலாளி, கொழும்புல இருந்து தந்தியில பணம் வந்திருச்சு. மெனேஜர் ஐயா வரச் சொன்னாரு.”

வங்கிப் பியோன் இக்னேசியஸ், தலவாக்கலை பஜாரில் நின்று இப்படிச் சொன்னது கணேசமூர்த்தியிடம். சுருக்கென்று தைத்ததோ எதிர்க்கடை இராமையாவுக்கு.

இரண்டு பேருக்கும் ஒரே தொழில். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் போடும் கிழங்கையும் லீக்ஸையும் வாங்கி, கொழும்புக்கு லொறி ஏற்றுவது. இராமையாவின் கொழும்புக் கடைக்காரன், கருவாடு ஏற்றித் திரும்பும் லொறியின் கிளீனர் கையில் கசங்கிய நோட்டுகளைச் சுருட்டிக் கொடுத்தனுப்புவான். கணேசமூர்த்திக்கு அப்படியில்லை. கொழும்பு வங்கியில் கட்டும் பணம் தந்திக் கம்பி வழியாக வந்து, இங்கே அவர் கணக்கில் ஏறிவிடும். அதுவும் வியாழக்கிழமை, சரக்கு கொண்டுவந்த ஆட்கள் சாக்கின் மேல் குந்தியிருக்கும் நேரம் பார்த்து வரும்.

“கம்பியில காசு ஓடி வருதுன்னா அது லேசுப்பட்ட கம்பனியா இருக்காது” என்றான் ஒருவன்.

“இவரு கடையில குடுக்கிற நோட்டு கருவாட்டு நாத்தமுல்ல அடிக்குது” என்று இன்னொருவன் இராமையாவின் பக்கம் கண்ணைக் காட்டினான்.

அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மாயாண்டி. அவன் கிழங்கு எந்தக் கடைக்குப் போகிறதோ, அவன் லயத்துக் கிழங்கெல்லாம் அந்தக் கடைக்குத்தான் போகும். அவனும், “அடுத்த வியாழன் யோசிச்சுச் சொல்றேங்க” என்று இழுத்துவிட்டுப் போனான். மாயாண்டியும் போனால் கடையைச் சாத்திவிட்டு, விடியற்காலையில் மறுபடியும் கூலியாளாகத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் போய் நிற்க வேண்டியதுதான்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தும் இராமையாவுக்கு இறங்கவில்லை.

“அவருக்கு வந்தா ஒங்களுக்கு எதுக்கு வயிறு எரியுது?” என்றாள் மனைவி மீனம்மா. “அவங்க மட்டும் கொறையில்லாமயா இருக்காங்க? போன மாசம் அவரு தம்பி நல்லமுத்து அம்மை போட்டுப் படுத்த வாரம், தந்தியும் வரல, ஒண்ணும் வரல.”

அது இராமையாவின் காதில் ஏறவில்லை. அவர் காதில் இக்னேசியஸின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, மீனம்மாவின் தம்பி மூக்கனைக் கூப்பிட்டார். பெட்டியில் இருந்த பணத்தையெல்லாம் துணியில் கட்டி அவன் மடியில் வைத்தார்.

“கொழும்புக்குப் போயி, அங்க பேங்குல இதக் கட்டி, என் பேருக்குத் தந்தியில அனுப்பு.”

மூக்கன் முழித்தான். “நம்ம காசுதானே மச்சான்? இங்கதானே இருக்கு?”

“இருந்தாப் பத்தாதுடா. வரணும். நாலு பேரு பாக்க வரணும்.”

“காசுக்குக் கொழும்பு சுத்திக் காட்டிக் கூட்டியாரப் போறாராம்” என்றாள் மீனம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. “ரயில் சார்ஜு ஒரு பக்கம், பேங்குக்காரனுக்குக் கூலி ஒரு பக்கம்.”

வியாழக்கிழமை வந்தது. மாயாண்டி நடுத்தெருவில் கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எந்தக் கடைக்கும் போகாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தான். இக்னேசியஸ் வழக்கம்போலக் கணேசமூர்த்தி கடை வாசலில் நின்று சேதியைச் சொன்னான். பிறகு திரும்பித் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் நடந்தான்.

“இராமையா மொதலாளி, ஒங்களுக்குந்தான். தந்தியில வந்திருக்கு.”

சாக்கின் மேல் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. இராமையா அவசரப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, “ம், வந்திருச்சா?” என்றார், மழையைப் பற்றிக் கேட்பதுபோல. மாயாண்டி பீடியை மிதித்து அணைத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிவந்து இராமையாவின் தராசில் வைத்தான்.

அன்றுதான் இராமையாவுக்கு எதிர்க்கடையை நேராகப் பார்க்கத் தெம்பு வந்தது. கணேசமூர்த்தி முகத்தில் ஈயாடவில்லை. எரியட்டும், எனக்கு எரிந்த மாதிரி அவருக்கும் எரியட்டும் என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் அந்த மனிதர் எழுந்து இங்கேயே வந்துவிட்டார்.

“சந்தோசம் இராமையா. எந்தக் கம்பனி?”

“பெரிய எடம். பேர வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

“அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார் கணேசமூர்த்தி. கடைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். “ஒங்க மச்சான எங்க, கண்ணுலயே காணோம்?”

இராமையா தராசுக் கல்லை எடுத்து அடுக்கத் தொடங்கினார். “வலப்பனைக்குப் போயிருக்கான். சொந்தத்துல ஒரு விசேசம்.”

கணேசமூர்த்தி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அந்தப் போக்குத்தான் இராமையாவை அரித்தது. சாயந்திர ரயிலுக்கு அவரே ஸ்டேசனுக்குப் போய், மூக்கன் இறங்கியதும் இறங்காததுமாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பேங்குல ஒன்னய யாரும் பாத்தாங்களா?”

“தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல மச்சான். கணேசமூர்த்தி மொதலாளி தம்பி நல்லமுத்து மட்டும் நின்னாரு.”

“போச்சு. நாளைக்கே பஜார் பூரா பறையடிச்சிருவான். மாயாண்டி மூட்டையத் தூக்கிட்டுப் போயிருவான்.”

“அவரா? எந்தச் சன்னலுன்னு எனக்குக் காட்டிவிட்டதே அவருதான்.”

“அவன் எதுக்குடா காட்டணும்?”

மூக்கன் கொட்டாவி விட்டான்.

“அவரும் துணியில கட்டுன காசோடதான் நின்னாரு மச்சான், அவங்க அண்ணன் பேருக்கு அனுப்ப.”