ஆளில்லாத வீட்டுக்கு ஒரு டூர் பிளான்

கீரமங்கலம் குணசேகரனுக்கு இரண்டு தொழில். போர்டு மாட்டிய தொழில், பிரவுசிங் சென்டர். போர்டு மாட்டாத தொழில், ஊருக்குப் போனவர்கள் வீட்டில் புகுந்து திருடுவது.

முதல் தொழில்தான் இரண்டாவதற்கு வழி காட்டியது. யார் டூர் போகிறேன் என்று வந்தாலும் காசு வாங்காமல் பிளான் போட்டுக் கொடுப்பான். அதையும் ஏனோதானோ என்று போடமாட்டான். போன இடத்தில் ரயிலைத் தவறவிட்டு, அலுத்துப்போய், ஆள் பாதியிலேயே வீடு திரும்பிவிட்டால் நஷ்டம் அவனுக்கல்லவா?

அப்படிப்பட்டவனிடம் ஆத்மநாதனும் அழகம்மாளும் வந்து, "நார்வேக்கு ஒரு வாரம் போகணும் தம்பி" என்றபோது அவனுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆத்மநாதன் பூ கமிஷன் கடைக்காரர். கடைக்கு வந்தவருக்கு டீ சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் ஆளை அனுப்பிவிடுகிற கெட்டிக்காரர். அந்த மனிதரையே அசைத்துவிட்டார் கறம்பக்குடி சம்பந்தி. போன வருஷம் சுவிட்சர்லாந்து போய், பனியில் உருண்டு, ஒரு மாதம் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் தள்ளியிருந்தார். அன்றிலிருந்து அழகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவுக போனதுக்கு ஒரு படி மேல இருக்கணும்" என்றாள். பேசும்போதெல்லாம் கழுத்தில் அட்டிகை மின்னியது. குணசேகரன் மேப்பைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தான்.

"ஜூன்ல போங்கக்கா. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வடக்க ட்ராம்சோன்னு ஒரு ஊரு, அங்க சூரியன் அடையவே அடையாது. அதையும் சேத்து ரெண்டு வாரமாப் போட்டுரவா?"

வாரம் கூடினால் அவனும் அவசரமில்லாமல் வேலை பார்க்கலாம்.

"வேணாம், வேணாம்" என்று பதறினார் ஆத்மநாதன். "ஒரு வாரத்துக்கு மேல என்னால முடியாது. நம்புற மாதிரி அளவாப் போடுங்க."

அளவாகவே போட்டான். ஆஸ்லோவில் இறங்கி இரண்டு நாள். அங்கிருந்து ரயில் மாறி, மலை இறங்கி, ஃப்ளாம் என்கிற சின்ன ஊர். அங்கே மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கிற கடலில் படகுச் சவாரி. அப்புறம் பஸ் பிடித்தால் பெர்கன். மழை ஊர், குடை கட்டாயம். அங்கேயே விமானம் ஏறித் திரும்பிவிடலாம். ஓட்டமும் இல்லை, திணறலும் இல்லை. முடித்துப் பார்த்தபோது குணசேகரனுக்கே போய்வர ஆசையாக இருந்தது.

அழகம்மாள் துருவித் துருவிக் கேட்டாள். அங்கே டீ என்ன விலை, படகு என்ன நிறம், மழை தூறுமா கொட்டுமா. போதாததற்கு அந்தக் கடல் படத்தைச் சுவர் அளவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்துத் தரச் சொன்னாள்.

"பாத்துப் பாத்துப் பழகிக்கிறேன் தம்பி."

பாவம், பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டான்.

"டிக்கெட்டு, விசா எல்லாம்?"

"அதெல்லாம் திருச்சியில மச்சினன் பாத்துக்கிறான்" என்றார் ஆத்மநாதன் சட்டென்று.

"நகையை மட்டும் போட்டுட்டுப் போகாதீங்கக்கா. ஏர்போர்ட்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. வீட்லயே இருக்கட்டும். நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

அவன் அக்கறையைப் பார்த்து அழகம்மாள் கண் கலங்கிவிட்டாள்.

கிளம்பிய அன்று ஊரே திரண்டு மாலை போட்டுக் காரை அனுப்பிவைத்தது. பஸ் ஸ்டாண்டில் வாழ்த்து பேனர். போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தவன் குணசேகரன்.

ஐந்தாம் நாள் வரை பொறுத்தான். பிளான்படி அவர்கள் பெர்கனில் குடை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற திருடர்களைப் போல இருட்டை நம்புகிறவன் அல்ல அவன். உச்சி வெயிலில் கீரமங்கலத்து நாய்கூட நிழலை விட்டு நகராது. சின்னக் கடப்பாரையோடு கொல்லைச் சுவரைத் தாண்டினான். பின்கதவில் கை வைத்ததுமே அது திறந்துகொண்டது.

பூட்ட மறந்த புண்ணியவதியை வாழ்த்திக்கொண்டே இருண்ட கூடத்துக்குள் காலை வைத்தான்.

பளிச்சென்று வெளிச்சம் முகத்தில் அடித்தது. கடப்பாரை நழுவி விழுந்தது. இதுவரை ஒருமுறைகூட மாட்டாதவன். எல்லாம் தெரிந்துதான் பொறி வைத்திருக்கிறார்கள், இனி ஜெயில்தான் என்று இரண்டு கையையும் தூக்கினான்.

கண் தெளிந்தது. சுவர் முழுக்க அவன் அடித்துக் கொடுத்த கடல். அதன் முன்னால் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக, விரித்த குடையோடு, வியர்வை சொட்டச் சொட்ட ஆத்மநாதன். எதிரே விளக்கு எரிகிற செல்போனும் கையுமாக அழகம்மாள்.

"நார்வே போற காசுக்கு ஒரு தென்னந்தோப்பே வாங்கலாம் தம்பி" என்று குடையோடு கும்பிட்டார் ஆத்மநாதன். "திருச்சி வரைக்கும் போயிட்டு அன்னிக்கே கொல்லைப் பக்கமா வந்துட்டோம். நீங்க இங்கிட்டு வந்ததை நாங்க பாக்கலை, நாங்க இங்க இருக்கறதை நீங்க பாக்கலை. சம்பந்திக்குத் தெரிஞ்சா என் மானமே போயிரும்."

குணசேகரன் தூக்கிய கைகளை மெல்ல இறக்கினான்.

அழகம்மாள் கடப்பாரையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். செல்போனை அவன் கையில் திணித்தாள். கணவரின் குல்லாவைச் சரிசெய்துவிட்டுக் குடைக்குள் ஒட்டி நின்றாள்.

"நார்வே வந்து இத்தனை நாளாச்சு, எடுத்துத் தர ஒரு ஆள் கிடைக்கலை, ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுங்க தம்பி, அட்டிகை நல்லாத் தெரியுற மாதிரி!"